சதுரங்கப் பலகையின் எண்: ஒரு பேரெண்ணின் உள்ளமைப்பு

1. கதையும் எண்ணும்

சதுரங்க ஆட்டத்தை ஆக்கிய அறிஞன் ஒருவன் அரசனிடம் வேண்டிய பரிசு பற்றிய கதை நம்மிற் பலரும் இளமையிற் கேட்டதே. பொன்னும் பொருளும் வேண்டாவெனக் கூறிய அவன், பலகையின் முதற் கட்டத்துக்கு ஒரு தானியமணியும், இரண்டாம் கட்டத்துக்கு இரண்டும், மூன்றாம் கட்டத்துக்கு நான்கும் என, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்கு முன்னுள்ள கட்டத்தின் இருமடங்காக, அறுபத்துநான்கு கட்டங்களுக்கும் தானியம் அளிக்குமாறு கேட்டான். இத்துணைச் சிறு வேண்டுகோளா என நகைத்த அரசன், களஞ்சியக் கணக்கர் கணித்து முடித்தபின் நகைப்பு அடங்கினான் என்று கதை முடிகின்றது.

கதை நிகழ்ந்ததோ இல்லையோ, அதில் வரும் எண் ஐயத்துக்கு இடமற்றது. அல்-பிரூனி என்னும் பேரறிஞர் 1000 ஆம் ஆண்டளவில் எழுதிய நூலொன்றிலே அதனைச் சரியாகக் கணித்துத் தந்துள்ளார். அவ்வெண் பின்வருமாறு:

18446744073709551615

இருபது இலக்கங்களைக் கொண்ட இவ்வெண், ஓர் இலட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடிக்குச் சற்று மேற்பட்டதாகும். ஆயிரம் நென்மணிகள் ஏறத்தாழ 25 கிராம் நிறையுடையன எனக் கொண்டால், அரசன் அளிக்கவேண்டிய நெல் 46,000 கோடி மெற்றிக் தொன்னுக்கு மேற்படும். இக்காலத்தில் உலகம் முழுவதிலும் ஓராண்டில் விளையும் நெல் ஏறத்தாழ 80 கோடி தொன் ஆகும். எனவே அரசன் தன் வாக்கைக் காப்பதற்கு உலகின் முழு விளைச்சலும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தேவைப்படும்.

இக்கதையைக் கூறுவோர் பெரும்பாலும் இவ்வியப்போடு நின்றுவிடுவர். ஆனால் ஓர் எண்ணின் பருமன் அதன் இயல்புகளுள் மிக எளியது. அதனினும் பெரிய எண்ணை எவரும் ஒன்றைக் கூட்டிப் பெற்றுவிடலாம். இவ்வெண்ணின் உள்ளமைப்பே உண்மையில் ஆராயத்தக்கது. அதனுள்ளே கணித வரலாற்றின் புகழ்பெற்ற தவறொன்று பொதிந்து கிடக்கின்றது. ஓர் ஒழுங்கு ஐந்து முறை தவறாது தோன்றினால் ஆறாம் முறையும் தோன்றும் என நம்பலாமா என்னும் வினா அத்தவற்றிலிருந்து எழுவது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கூட்டாமற் கூட்டுத்தொகை காணல்

அறுபத்துநான்கு எண்களையும் ஒவ்வொன்றாகக் கூட்டவேண்டிய தேவையில்லை. பலகைக்கு வெளியே ஒரு மணியை மேலதிகமாக வைத்துக்கொள்வோம். அதனை முதற் கட்டத்தின் ஒரு மணியோடு சேர்த்தால் இரண்டு ஆகும். அவ்விரண்டையும் இரண்டாம் கட்டத்தின் இரண்டோடு சேர்த்தால் நான்கு ஆகும். அந்நான்கையும் மூன்றாம் கட்டத்தின் நான்கோடு சேர்த்தால் எட்டு ஆகும். இவ்வாறு கட்டந்தோறும் தொகை இருமடங்காகி, அறுபத்துநான்காம் கட்டத்தின் முடிவில் 2⁶⁴ ஆகின்றது. மேலதிகமாக வைத்த மணியைக் கழித்தால் எஞ்சுவது நாம் வேண்டிய எண். ஆகவே அது 2⁶⁴ − 1 ஆகும்.

2⁶⁴ என்பதைக் காண்பதற்கும் அறுபத்துநான்கு முறை பெருக்கவேண்டியதில்லை. 2 இல் தொடங்கி ஆறு முறை வர்க்கித்தால் போதுமானது: 2, 4, 16, 256, 65536, 4294967296, 18446744073709551616. இறுதியிற் பெற்றதிலிருந்து ஒன்றைக் கழிக்கக் கதையின் எண் கிடைக்கின்றது.

இதே எண் வேறிடங்களிலும் தோன்றுவதுண்டு. பிரான்சியக் கணிதவியலாளரான எடுவாட் லூக்கா 1883 இல் வெளியிட்ட ‘அனோய் கோபுரம்’ என்னும் விளையாட்டில், ஒரு கம்பத்திலுள்ள தட்டுகளை, சிறிய தட்டின் மீது பெரியது அமையாதவாறு, ஒவ்வொன்றாக வேறொரு கம்பத்துக்கு மாற்றவேண்டும். இடையில் வைப்பதற்கு மூன்றாவது கம்பம் ஒன்று உண்டு. அடித்தட்டை நகர்த்துவதற்கு முன்னர் அதன் மேலுள்ளவற்றையெல்லாம் ஒருமுறையும், நகர்த்திய பின்னர் அவற்றை மீண்டும் ஒருமுறையும் மாற்றவேண்டியிருத்தலால், தட்டு ஒன்று கூடுந்தோறும் அசைவுகளின் தொகை இருமடங்காகி மேலும் ஒன்று கூடுகின்றது. அறுபத்துநான்கு தட்டுகளுக்குத் தேவையான மிகக் குறைந்த அசைவுகளின் தொகை 2⁶⁴ − 1 ஆகும். துவித முறையில் எழுதினால் இவ்வெண் அறுபத்துநான்கு ஒன்றுகளின் தொடராக அமையும். ஆகையால் 64 துவித இலக்கங்களைக் கையாளும் இக்காலக் கணனிகள் ஓர் இடத்திற் கொள்ளக்கூடிய முழுவெண்களுள் மிகப் பெரியதும் இதுவேயாகும். வினாடிக்கு நூறு கோடி வீதம் எண்ணும் பொறியொன்று, ஒன்றில் தொடங்கி இவ்வெண்ணை அடைய 584 ஆண்டுகள் செல்லும்.

3. காரணிகளாகப் பிரித்தல்

எண்ணி முடிக்க இயலாத இவ்வெண்ணைக் காரணிகளாகப் பிரித்தல் வியக்கத்தக்க அளவுக்கு எளிதானது. இறுதி இலக்கம் 5 ஆதலால் 5 ஒரு காரணி என்பது வெளிப்படை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 87; அது 3 ஆல் வகுபடும்; எனவே 3 உம் ஒரு காரணி. எஞ்சியவற்றைக் காண வகுத்துப் பார்க்கவேண்டியதில்லை. இரு வர்க்கங்களின் வித்தியாசம் பற்றிப் பாடசாலையிற் கற்ற விதியே போதுமானது.

2⁶⁴ என்பது 2³² இன் வர்க்கம். ஆகவே 2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1). இவற்றுள் முதலாவதை மீண்டும் அவ்வாறே (2¹⁶ − 1)(2¹⁶ + 1) எனப் பிரிக்கலாம். இவ்வாறு தொடர்ந்தால் இறுதியிற் பெறுவது:

2⁶⁴ − 1 = (2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1)

அஃதாவது,

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

இவ்வாறு எண்களையும் கூர்ந்து நோக்குக. முதல் மூன்றும் தம்மையும் ஒன்றையுமன்றி வேறு காரணியற்றவை, அஃதாவது முதன்மை எண்கள், என்பது பார்த்த அளவிலே தெரிகின்றது. 257 இன் வர்க்கமூலம் 16 க்குச் சற்றுக் கூடியது. ஆகவே 13 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தாற் போதும். எதனாலும் அது வகுபடாது. 65537 ஐச் சோதிப்பதற்கு 256 இலும் குறைந்த 54 முதன்மை எண்களால் வகுக்கவேண்டும். பொறுமையுள்ள மாணவன் ஒருவன் ஓரிரு மணித்தியாலத்தில் இதனைச் செய்து முடிக்கலாம். அதுவும் முதன்மை எண்ணே.

இவ்வரிசைக்கு இன்னுமோர் இயல்பு உண்டு. வரிசையின் எவ்வெண்ணிலிருந்தும் 2 ஐக் கழித்தால், அதற்கு முன்னுள்ள எல்லா எண்களின் பெருக்கமும் கிடைக்கும். 17 − 2 = 3 × 5; 257 − 2 = 3 × 5 × 17; 65537 − 2 = 3 × 5 × 17 × 257. மேலே காட்டிய காரணிப்படுத்தலின் வேறொரு தோற்றமே இது. ஆகவே வரிசையின் எவையேனும் இரண்டு எண்களுக்குப் பொதுக்காரணி ஒன்று இருக்குமாயின், அது 2 ஐயும் வகுத்தல் வேண்டும். ஆனால் இவையனைத்தும் ஒற்றை எண்கள். எனவே ஒன்றையன்றி எப்பொதுக்காரணியும் அவற்றுக்கு இல்லை. முடிவிலாது செல்லும் இவ்வரிசையில் ஒவ்வோர் எண்ணும் புதிய முதன்மைக் காரணியைக் கொண்டுவருகின்றது. ஆகவே முதன்மை எண்கள் முடிவற்றவை. இந்நிறுவலைக் கோல்ட்பாக் 1730 இல் ஒயிலருக்கு எழுதிய கடிதமொன்றிற் காணலாம்.

4. பெர்மாவின் ஊகம்

முதல் ஐந்து காரணிகளும் முதன்மை எண்கள் என்றால், ஆறாவதாகிய 4294967297 எத்தகையது?

பதினேழாம் நூற்றாண்டிற் பிரான்சின் துலூசு நகரில் நீதிமன்றப் பதவி வகித்துக்கொண்டு, ஓய்வுநேரத்தில் எண்கணிதத்தைப் புதுப்பித்தவர் பியர் த பெர்மா. 1640 இல் அவர் எழுதிய கடிதங்களில் இவ்வரிசையின் எண்கள் அனைத்தும் முதன்மை எண்களே எனத் தாம் நம்புவதாகத் தெரிவித்தார். இதனாலேயே அவை பெர்மா எண்கள் எனப் பெயர்பெற்றன. முழுமையான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. எனினும் நம்பிக்கையை அவர் கைவிடவுமில்லை.

அந்நம்பிக்கை காரணமற்றதெனக் கூறுவதற்கில்லை. ஐந்து எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சான்று பகர்ந்தன. முதன்மை எண்களை இடையறாது தரும் எளிய விதியொன்றைக் கணிதவுலகம் நெடுங்காலமாகத் தேடிவந்தது. ஆறாம் எண்ணைச் சோதிப்பதோ எளிதன்று. அதன் வர்க்கமூலம் 65536 ஐச் சற்றே கடந்தது. அவ்வெல்லைக்குள் 6542 முதன்மை எண்கள் உள்ளன. அத்தனை எண்களாலும் பத்திலக்க எண்ணொன்றைக் கையால் வகுத்துப் பார்க்க யாரும் எளிதில் முன்வரார்.

5. ஒயிலரின் மறுப்பு

1729 டிசெம்பரிற் கோல்ட்பாக், பெர்மாவின் இக்கூற்றைப் பற்றி, சென் பீற்றர்ஸ்பேக்கில் இருந்த இருபத்திரண்டு வயது இளைஞரான ஒயிலருக்கு எழுதிக் கருத்துக் கேட்டார். 1732 இல் ஒயிலர் விடை கண்டார்: 4294967297 என்பது 641 ஆல் மீதியின்றி வகுபடும்.

4294967297 = 641 × 6700417

பெர்மாவின் ஊகம் இவ்வொரு சமன்பாட்டால் வீழ்ந்தது. ஆனால் 641 ஐ ஒயிலர் எவ்வாறு கண்டார்? அதன் அடிப்படையை அவர் பிற்பட்ட கட்டுரையொன்றில் விளக்கியுள்ளார். அவ்வழியைச் சற்று விரிவாக நோக்குவோம்.

2 இன் வலுக்களை 5 ஆல் வகுத்தால் வரும் மீதிகள் 2, 4, 3, 1, 2, 4, 3, 1 எனச் சுழல்கின்றன. இச்சுழற்சியின் நீளம் 4. எந்த ஒற்றை முதன்மை எண்ணால் வகுத்தாலும் இத்தகைய சுழற்சி உண்டு. மீதி 1 வந்ததும் அது மீண்டும் தொடங்கும். ‘ப’ என்பது ஒற்றை முதன்மை எண்ணாயின், 2 இன் (ப − 1) ஆம் வலுவை ப ஆல் வகுக்க மீதி 1 வரும் என்பது ஒரு தேற்றம். எடுத்துக்காட்டாக, ப = 7 எனின் 2⁶ = 64 = 63 + 1. எனவே சுழற்சியின் நீளம் எப்பொழுதும் (ப − 1) ஐ வகுக்கும் எண்ணாகவே அமையும்.

இனி, 2³² + 1 ஐ வகுக்கும் முதன்மை எண் ப எனக் கொள்வோம். அப்பொழுது 2³² ஐ ப ஆல் வகுக்க வரும் மீதி ‘ஒன்று குறைவு’, அஃதாவது ப − 1. அதனை வர்க்கித்தால் 2⁶⁴ இன் மீதி 1 ஆகின்றது. எனவே சுழற்சியின் நீளம் 64 ஐ வகுக்கவேண்டும். அது 1, 2, 4, 8, 16, 32, 64 என்பவற்றுள் ஒன்று. 32 ஆகவோ அதனிலும் குறைந்ததாகவோ இருந்தால் 2³² இன் மீதியும் 1 ஆகியிருக்கும். ஆனால் அஃது அவ்வாறில்லை. ஆகவே நீளம் 64 ஏயாகும். 64 ஆனது (ப − 1) ஐ வகுக்கின்றது. எனவே ப என்பது 64 இன் மடங்கொன்றிலும் ஒன்று கூடிய எண்ணாதல் வேண்டும்.

அத்தகைய எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 எனச் செல்கின்றன. இவற்றுள் 65, 129, 321, 385, 513 ஆகியன முதன்மை எண்கள் அல்ல. 257 இதே வரிசையின் முன்னைய எண். அதற்கும் ஆறாம் எண்ணுக்கும் பொதுக்காரணி இல்லை என மேலே கண்டோம். எஞ்சுவன 193, 449, 577, 641 ஆகிய நான்கே. முதல் மூன்றும் வகுக்கா. நான்காவது வகுக்கின்றது. 6542 வகுத்தல்கள் தேவைப்பட்ட இடத்தில் நான்கு வகுத்தல்கள் போதுமாயின.

எஞ்சிய 6700417 முதன்மை எண் என்பதையும் இவ்வழியாலேயே காட்டலாம். அதன் வர்க்கமூலம் 2588 க்கும் 2589 க்கும் இடைப்பட்டது. அதன் காரணிகளும் மேற்கூறிய வடிவினவே ஆதலால், 641 முதல் 2561 வரையுள்ள அவ்வடிவிலான 31 எண்களை மட்டும் நோக்கினாற் போதும். எதுவும் அதனை வகுக்கவில்லை.

ஈண்டு ஒரு முரண் கருதத்தக்கது. ஒயிலருடைய வழிக்கு அடித்தளமாக அமைந்த ‘(ப − 1) ஆம் வலு’ பற்றிய தேற்றம் பெர்மா தாமே கூறியது. அதுவும் அதே 1640 ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றிற் கூறியது. தம் ஊகத்தைச் சோதிக்கும் கருவி அவர் கையிலேயே இருந்தது. அதனைப் பயன்படுத்தியிருந்தால் ஒரு பிற்பகலில் உண்மை வெளிப்பட்டிருக்கும். அறியாமையினும் உறுதியான நம்பிக்கையே சோதனைக்குப் பெருந்தடை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

6. வகுக்காமலே வகுபடல் காட்டல்

641 ஆறாம் எண்ணை வகுக்கும் என்பதை நீண்ட வகுத்தலின்றிக் காட்டும் அழகிய நிறுவல் ஒன்றும் உண்டு. 641 ஐ இரு வகையாக எழுதலாம்:

641 = 640 + 1 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

இரண்டாவதை 2²⁸ ஆற் பெருக்கினால், 5⁴ × 2²⁸ + 2³² என்பது 641 ஆல் வகுபடும் எனப் பெறுகின்றோம். இதிலுள்ள 5⁴ × 2²⁸ என்பது 5 × 2⁷ இன், அஃதாவது 640 இன், நான்காம் வலு. 640⁴ − 1 என்பதற்கு 640 + 1 ஒரு காரணி. ஆகவே 5⁴ × 2²⁸ − 1 உம் 641 ஆல் வகுபடும். முன்னையதிலிருந்து பின்னையதைக் கழித்தால் எஞ்சுவது 2³² + 1. அதுவும் 641 ஆல் வகுபடுதல் வேண்டும்.

இப்பொழுது சதுரங்க எண்ணின் முழுக் காரணிப்படுத்தலை எழுதலாம்:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு முதன்மை எண்கள். ஒன்றேனும் மீண்டும் வரவில்லை. எனவே இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள், ஒன்றும் அவ்வெண்ணும் உட்பட, 2⁷ = 128 ஆகும்.

7. வீழ்ந்த ஊகத்தின் எச்சம்

பெர்மாவின் ஊகம் பொய்த்தபோதும் அவ்வெண்கள் பயனற்றுப் போகவில்லை. 1796 மார்ச்சு 30 ஆம் நாள், பத்தொன்பது வயது நிரம்பாத கவுஸ், பதினேழு பக்கமுள்ள ஒழுங்கான பல்கோணியைக் கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு அமைக்கலாம் எனக் கண்டார். யூக்கிளிட்டின் காலம் முதல் இத்துறையில் எவரும் கடவாத எல்லையை அவர் கடந்தார். 1801 இல் வெளியிட்ட நூலில், ஒற்றை எண்ணிக்கையான பக்கங்களுடைய பல்கோணியை அமைத்தல், அவ்வெண் வெவ்வேறு பெர்மா முதன்மை எண்களின் பெருக்கமாயின் இயலும் என நிறுவினார். வேறெவ்வகையிலும் இயலாது என்பதை வாண்ட்செல் 1837 இல் நிறுவினார்.

ஆகவே அறியப்பட்ட பெர்மா முதன்மை எண்களான 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்துமே அளவுகோல். இவற்றின் பெருக்கம் 4294967295, அஃதாவது பலகையின் முதற் பாதியாகிய முப்பத்திரண்டு கட்டங்களில் உள்ள மணிகளின் தொகை. ஒன்று நீங்கலாக அவ்வெண்ணை வகுக்கும் 31 எண்களும், நாம் அறிந்த வரையில் ஒற்றைப் பக்க எண்ணிக்கையுடன் அமைக்கத்தக்க பல்கோணிகள் அனைத்தையும் தருகின்றன. தானியக் கணக்கும் வடிவகணிதமும் இவ்விடத்தில் ஒன்றையொன்று தழுவுகின்றன. 641 உம் முதன்மை எண்ணே. ஆயினும் 641 பக்கமுள்ள ஒழுங்கான பல்கோணியை இவ்வாறு அமைத்தல் இயலாது.

8. அடுத்த எண்

வரிசையின் ஏழாம் எண் 2⁶⁴ + 1, அஃதாவது 18446744073709551617. இது நம் எண்ணிலும் இரண்டே கூடியது. நம் எண் பாடசாலை விதியொன்றாற் சிதறுண்டது. அதன் அயலிலுள்ள இதுவோ இலகுவிற் பணியவில்லை. ஒயிலரின் வழியைப் பின்பற்றின் இதன் காரணிகள் 128 இன் மடங்கிலும் ஒன்று கூடியனவாதல் வேண்டும். ஆனால் அத்தகைய எண்களின் வரிசையில் முதற் காரணி 2142 ஆம் இடத்திலேயே வருகின்றது. 1880 இல், எண்பத்திரண்டு வயது முதியவரான பிரான்சின் லாண்ட்ரி அதனைக் கண்டறிந்தார்:

2⁶⁴ + 1 = 274177 × 67280421310721

பருமனில் ஒத்த இரண்டு எண்கள் இயல்பில் எத்துணை வேறுபடலாம் என்பதற்கு இவ்விரு அயலெண்களே போதிய சான்றாகும். எண்ணின் கடினம் அதன் நீளத்தில் இல்லை.

இன்று, வரிசையின் ஆறாம் எண் முதல் 33 ஆம் எண் வரையுள்ள 28 எண்களும் முதன்மை அல்லாத சேர்த்தி எண்கள் என அறியப்பட்டுள்ளன. ஆயினும் முதற் பன்னிரண்டு எண்கள் மட்டுமே முற்றாகக் காரணிப்படுத்தப்பட்டுள்ளன. 21 ஆம், 25 ஆம் எண்கள் சேர்த்தி எண்கள் என்பது 1877 இல் பெபன் தந்த சோதனை முறையைக் கணனிகளிற் பயன்படுத்தி நிறுவப்பட்டது; அவற்றின் காரணி ஒன்றேனும் இதுவரை கண்டறியப்படவில்லை.

9. முடிவுரை

பெர்மா ஐந்து எண்களைக் கண்டு, எல்லாம் முதன்மை எண்கள் என நம்பினார். இக்காலக் கணிதவியலாளருட் பெரும்பாலோர் 28 எண்களைக் கண்டு, ஐந்துக்கு மேல் எதுவும் முதன்மை எண் அன்று எனக் கருதுகின்றனர். அவர்தம் கருத்துக்கு வலிமையான காரணங்கள் உண்டு. ஆனால் நிறுவல் இல்லை. ஐந்து சான்றுகள் பெர்மாவுக்கு அளிக்காத உரிமையை இருபத்தெட்டுச் சான்றுகள் நமக்கு அளித்துவிடமாட்டா. முடிவிலாத வரிசையொன்றின் முன்னே ஐந்தும் இருபத்தெட்டும் ஒரு தன்மையனவே. 34 ஆம் எண் இன்றும் தன் இயல்பை வெளியிடாது நிற்கின்றது.

கதையில் வரும் அரசன், முதற் சில கட்டங்களைக் கண்டு முழுப் பலகையையும் அளந்துவிட்டதாக எண்ணியதனாலேயே ஏமாந்தான். பெர்மாவும் அவ்வகையிலேயே ஏமாந்தார். அவ்விருவரையும் நாம் நகைப்பதற்கு முன், நம் கையிலுள்ள சான்றுகள் பலகையின் எத்தனையாம் கட்டம் வரை எட்டுகின்றன என எண்ணிப் பார்த்தல் நன்று.